கண்டக்டர் வீட்டு ரயில் பயணம்

என் அப்பா தனியார் பேருந்து ஒன்றில் கண்டக்டர். அருப்புக்கோட்டையில் கிளம்பி, திருச்சுழி வழியாக வீரசோழன் போய்த் திரும்பும் வண்டி. அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் எது என்று யாராவது கணக்கெடுத்தால் 'எங்க?' என்பதுதான் முதலிடம் பிடிக்கும். அதைக் கேள்வி போலக்கூடக் கேட்கமாட்டார். கை ஒருவரிடம் நீளும், கண் அடுத்தவர் மேல் இருக்கும். பதில் உடனே வந்தாக வேண்டும். யோசிக்கிறவர்களை அவர் கிறுக்கர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் யாரும் வண்டி ஏறுவதில்லை. ஊர் ஏற்றுக்கொள்ளும் காரணங்களை, பள்ளி விடுமுறையில் அந்தப் பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்தே நான் தொகுத்திருக்கிறேன். சாவு, கல்யாணம், காதுகுத்து, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, நகையை அடகு வைக்க, நகையைத் திருப்ப, கோயில். இவற்றில் கோயிலுக்கு மட்டும் தூரக் கட்டுப்பாடு கிடையாது. மற்ற எதற்காக மதுரையைத் தாண்டினாலும் விளக்கம் சொல்ல வேண்டும். 'சும்மா' என்பது பட்டியலிலேயே இல்லை.

நான் மின்னியல் படித்தவள். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சோலார் பிளாண்டில் வேலை. சீமைக்கருவேலத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கண்ணுக்கெட்டிய தூரம் தகடுகளை நட்டிருக்கிறார்கள். எங்கள் மண்ணில் வெயிலைத் தவிர வேறெதுவும் வருஷா வருஷம் தவறாமல் விளைந்ததில்லை என்பதால், அதையே அறுவடை செய்யலாம் என்று யாரோ முடிவெடுத்தது நியாயம்தான். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எந்த இன்வெர்ட்டர் மக்கர் பண்ணுகிறது என்று பார்ப்பேன், பட்டியல் போடுவேன், ஆளை அனுப்புவேன். அங்கே ஒவ்வொரு திருகாணியும் ஏதோ ஒன்றுக்காக இருக்கிறது. அந்த அறையில் ஆறு நாள் இருந்தால், ஏழாம் நாள் எதற்கும் உதவாத ஒன்றைச் செய்ய வேண்டும் போலிருக்கும்.

அதற்குத்தான் ரயில். ஞாயிற்றுக்கிழமைகளில் மானாமதுரைப் பக்கம் போகும் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்வேன். மானாமதுரையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன். பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்றால் ஒன்றுமில்லை. கருவேலம், காய்ந்த கண்மாய், கண்மாய்க்குள் கிரிக்கெட் விளையாடும் பையன்கள், மறுபடியும் கருவேலம். ஆனால் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் எதையும் செய்ய வேண்டியதில்லை. நமக்குப் பதிலாக அதுவே எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறது. பஸ்ஸில் இந்தச் சுகம் வராது. பஸ்ஸில் எப்போதும் யாராவது நம்மை உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் என் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சுழிக்கு முன்னால் இருக்கும் ரயில்வே கேட்டில் அவர் வண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் படிக்கட்டில் விசிலோடு நின்றார். நான் ஜன்னலில் இருந்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் கையை ஆட்டினேன். அவரைத் தவிர பஸ்ஸில் இருந்த எல்லாரும் திருப்பிக் கை ஆட்டினார்கள்.

உடனே பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, "கண்டக்டரே, உங்க மக எங்க போகுது?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி அவர் பக்கம் திரும்பியது அதுவே முதல் தடவை. திருச்சுழி வரும்வரை விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"எங்க போன?"

"மானாமதுரைக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்லப்பா. போயி டீ குடிச்சிட்டு வந்தேன்."

"ஏன், நம்மூர்ல டீ இல்லையா?"

ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை தோறும் தனியாக ரயிலேறினால் அதற்கு எங்கள் பக்கம் ஒரே விளக்கம்தான் உண்டு. அடுத்த ஞாயிறு அம்மாவும் என்னோடு கிளம்பினாள். அவள் ஊரில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. அன்றைக்கு மூன்று பொட்டலம் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மானாமதுரை வரை யாரும் வரவில்லை. டீக்கடைக்கும் யாரும் வரவில்லை. திரும்பும்போது அந்த மூன்றாவது பொட்டலத்தை இருவரும் பங்கு போட்டுத் தின்றோம். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். நரிக்குடி தாண்டியதும், "உக்காந்துக்கிட்டே ஒரு நாளு போயிருச்சேடி" என்றாள். திட்டுகிறாளா வியக்கிறாளா என்று தெரியாத குரல்.

இவ்வளவும் சொன்னது, பெரிய பயணத்துக்கு வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்பது புரியவேண்டும் என்பதற்காக. கன்னியாகுமரியில் கிளம்பி அஸ்ஸாமில் திப்ரூகர் வரை போகிற ரயில் ஒன்று இருக்கிறது. நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. அதில் முதல் ஸ்டேஷனில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை எங்கும் இறங்காமல் போய், அதே போலத் திரும்பி வர வேண்டும். எதையும் சுற்றிப் பார்க்கக் கூடாது. யாரையும் போய்ப் பார்க்கக் கூடாது. ஞாபகார்த்தமாக எதையும் வாங்கக் கூடாது. இவைதான் விதிகள். பிளாண்டில் விடுப்பு கேட்டபோது மேலாளர், "கல்யாணமா?" என்றார். வீட்டில் அம்மா கூட வருவதாக இருந்தால் சரி என்று முடிவானது. காவலுக்கு என்றார்கள். அம்மா மில்லில் லீவு எழுதிக் கொடுத்த வேகத்தைப் பார்த்தால் காவல் மாதிரித் தெரியவில்லை.

அப்பாவின் ஆட்சேபணை தொழில் சார்ந்தது. வடக்கே போவதற்காக நாங்கள் முதலில் தெற்கே கன்னியாகுமரிக்குப் போய், அங்கிருந்து கேரளா முழுவதையும் சுற்றிக்கொண்டு, மறுபடியும் கோயம்புத்தூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. வரைபடத்தைக் காட்டினேன். விரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே போனவர், "இந்த ரூட்ல நான் வண்டி ஓட்டுனா ஓனரு என்னைய வெட்டிப் போட்டுருவாரு" என்றார்.

அவர் செய்த தவறு அதற்கு மறுவாரம் நடந்தது. ரயில்வே கேட்டில் ஒருமுறை அடிபட்டவர் என்பதால் இந்தத் தடவை பதிலைத் தயாராக வைத்திருக்க நினைத்திருக்கிறார். முன் சீட்டில் லீவில் வந்திருந்த ராணுவக்காரர் ஒருவர், தான் அஸ்ஸாமில் இருந்தபோது அங்கே கௌகாத்தியில் காமாக்யா என்று ஒரு அம்மன் கோயில் குன்றின் மேல் இருந்ததைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்திலேயே யாரோ, "வீட்ல அஸ்ஸாம் போறாகளாமே, என்ன விசேசம்?" என்று கேட்க, அப்பா, "நேத்திக்கடன். அங்கன ஒரு அம்மன் கோயிலு" என்றாராம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரொம்ப பவரு" என்று சொந்தமாக ஒன்றைச் சேர்த்தார்.

எங்கள் பக்கத்துப் பேருந்துகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்டக்டர் என்பவர் பாதி தபால்காரர். திருச்சுழி மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, மறந்துவிட்டுப் போன சாவி, மகளுக்கு அனுப்பும் கருவாடு, எல்லாம் அவர் கையில் ஏறும். சேரவேண்டியவர் சாலையோரம் வந்து நிற்பார். வண்டி முழுசாக நிற்காது. ஜன்னல் வழியாகக் கை மாறும். தொலைந்தது என்ற பேச்சே வராது, வந்தால் அந்தக் கண்டக்டரால் அந்த ரூட்டில் தலை காட்ட முடியாது.

அதனால் அப்பா வாயிலிருந்து அம்மன் வந்த மறுநாளே மஞ்சள் துணி முடிச்சுகள் வர ஆரம்பித்தன. பாளையம்பட்டியில் ஒருத்தி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். திருச்சுழியில் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் காத்து நின்று கொடுத்தார். முந்தின நாள் வரைக்கும் அந்தச் சாமியின் பெயரையே கேள்விப்படாதவர்கள். வண்டி போகிறது என்று தெரிந்ததும் வேண்டுதல் பிறந்துவிட்டது. முடிச்சுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது, பிரிக்கவும் கூடாது. கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். வீரசோழனில் கடை வைத்திருக்கும் ஒரு பாய், அப்பாவின் தினசரிப் பயணி, "சாமிக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல மாமா. இது பிள்ளைகளுக்கு, வழிக்கு" என்று சொல்லி, மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய தைலத்தைக் கொடுத்தார். மொத்தப் பார்சலில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

துணிக்கடைப் பை ஒன்றில் முடிச்சுகளை எல்லாம் போட்டு அப்பா என் முன்னால் வைத்தார். வழியில் எங்கும் இறங்குவதாக இல்லையே என்றேன்.

"கௌகாத்தியில எறங்கிப் போட்டுட்டு அடுத்த வண்டியப் பிடிங்க" என்றார்.

"அடுத்த வண்டியில சீட்டு கெடைக்காதுப்பா. எறங்குனா டிக்கெட்டே போச்சு. கடைசி வரைக்கும் போக முடியாது."

"இதென்ன வண்டி" என்றார், போட்டி கம்பெனியைச் சொல்வது போல. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏத்தா, நீ போயிட்டு வந்து அந்த ஆபீசுல போயி உக்காந்துக்குவ. நான் தெனமும் இவுக மூஞ்சியிலதான முழிக்கணும்."

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. கௌகாத்தியில் இறங்குவது என்று முடிவாயிற்று. கடைசி ஸ்டேஷன் என் பட்டியலிலிருந்து போயிற்று. நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவதற்காகக் கிளம்பியவள், முக்கால் நாட்டைத் தாண்டிக் கோயிலுக்குப் போகிற இன்னொரு பக்தையானேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தும் விதமாக, "இதுவும் ரயிலுதான" என்றாள்.

முதல் நாள் அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேலை இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. செய்தித்தாளைச் சுருட்டிப் பெட்டியின் தரையைப் பெருக்கினாள். எதிர் சீட்டுக்காரரின் போர்வையை மடித்து வைத்தாள். அவர் அதைத் திரும்ப விரித்தபோது முறைத்தாள். கொல்லம் வரை, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நாள் கணக்கில் பதில் சொன்னதும் நிறுத்திக்கொண்டாள். ஜன்னலில் தண்ணீரும் தென்னையும் ஓயாமல் வந்துகொண்டே இருந்ததில் அவளுக்குக் கோபம். "இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு என்ன செய்றாங்கெ?" என்றாள்.

இரண்டாம் நாள் எங்கோ ஆந்திராவில், அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டதைக் கவனித்தேன். காலை மடக்கி உட்கார்ந்து, கன்னத்தை ஜன்னல் கம்பியில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில், பொட்டல், ஆடு. எங்கள் ஊரேதான், கருவேலம் மட்டும் குறைவு. தூங்குகிறாளோ என்று பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

அப்பா தவறாமல் போன் செய்தார். எடுத்ததும் 'எங்க?' என்பார். நான் ஊர்ப் பெயரைச் சொல்வேன். அவர் அதை அப்படியே பஸ்ஸுக்குள் அறிவிப்பார். விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் என்று திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் குரல் கொடுத்துக்கொண்டே போனார். பின்னால் யாரோ, "ஒரிசா வந்திருச்சாமே" என்று சொல்வது எனக்குக் கேட்டது. அங்கே ஒரு பஸ் முழுக்க ஆட்கள் எங்களோடு ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் இறங்குமிடம் கோயில்.

திருப்பூரில் எங்கள் பெட்டியில் ஒரு பெண் ஏறியிருந்தாள். என்னை விடச் சின்னவள். கௌகாத்திக்குப் பக்கத்தில் ஊர், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டுக்கு மிக்ஸி ஒன்றைப் பெட்டியோடு கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவள் பேசிய கொங்குத் தமிழைக் கேட்டு அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏனுங்க்கா, லீவுக்குப் போறீங்களா, வேலைக்குப் போறீங்களா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"ரெண்டுக்கும் இல்ல. ரயில்ல போகணும்னு வந்தோம்" என்றேன்.

"இந்த ரயில்லயா?" என்றாள் அவள். பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் தன் மொழியில் ஏதோ சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். அடுத்த பகுதியிலிருந்தும் ஆட்கள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் வராத கழிவறையும் நடைபாதையில் தூங்கும் ஆட்களுமாக, வேறு வழியில்லாமல் வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கிற வண்டி அது. அதில் ஒருத்தி ஆசைப்பட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர்கள் கொடுத்த பொரியை வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

கௌகாத்தி வரும் நாள் காலையில் நான் சாமான்களைக் கட்டிவிட்டேன். பட்டியலைச் சரிபார்த்தேன். முடிச்சுப் பை, தைலம், சார்ஜர், செருப்பு. அம்மா அசையவில்லை. தலையைக்கூட வாரிக்கொள்ளவில்லை. தேயிலைத் தோட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"எறங்கத்தான் வேணுமாடி?" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இல்ல, கடைசி வரைக்கும்னு சொன்னியே. அதுக்கப்புறம் என்னதான் வருதுன்னு…" என்றாள். "இப்பத்தான் உக்காரப் பழகியிருக்கேன். அதுக்குள்ள எந்திரின்னா எப்பிடி?"

முடிச்சுகளை என்ன செய்வது என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. சும்மா போவதற்காக அத்தனை சண்டை போட்டவள் நான். இப்போது கோயிலுக்காக வாதாடியவளும் நானே. அப்பா என்ன சொல்வார், பாளையம்பட்டிக்காரி என்ன கேட்பாள் என்று அடுக்கினேன். அம்மா அதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

திருப்பூர்ப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் போடறனுங்க" என்றாள். "நாளானிக்கு எங்கம்மாவோட மலைக்குப் போறனுங்க. உங்குளுதையும் சேத்துப் போட்டர்றேன்."

அம்மாவுக்குச் சட்டென்று பக்தி வந்துவிட்டது. ஊரார் நம்மை நம்பிக் கொடுத்ததை இன்னொருத்தி கையில் எப்படிக் கொடுப்பது, சாமிக் குத்தம் ஆகிவிடாதா என்றாள். நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். நல்லவேளை, வண்டி வீரசோழனில் நின்றுகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரோ ஆடு ஏற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பிள்ள எந்த ஊரு?" என்றார்.

சொன்னேன்.

"அப்ப லோக்கல் வண்டி. கோயிலு வாசல் வரைக்கும் போகும். நீங்க எக்ஸ்பிரஸ், அங்கன நிப்பாட்ட முடியாது. நான் நரிக்குடிப் பார்சலத் திருச்சுழியில மாத்தி விடுறேன்ல, அதே மாதிரி மாத்தி விடு."

"சாமி காரியத்தக் கருவாட்டு லோடு மாதிரிப் பேசுறாக" என்றாள் அம்மா, போனுக்குக் கேட்கும்படி.

"கருவாடுன்னாலும் சாமின்னாலும் ஏறுற எடமும் எறங்குற எடமும் தெரிஞ்சாத் தொலையாது" என்றார் அப்பா. பிறகு என்னிடம் கட்டளைகள் வந்தன. அவள் நம்பரை வாங்கு. உன் நம்பரைக் கொடு. திரும்பி வருகிற வண்டி என்றைக்கு, எந்தப் பெட்டி, எந்த சீட்டு என்று சொல்லிவிடு. பிரசாதத்தோடு பிளாட்பாரத்தில் வந்து நிற்கட்டும். வண்டியைப் பிடித்து வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடு. நான் பொறியியல் படித்துக் கற்றுக்கொண்ட எந்த நடைமுறையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

பெரிய பாலம் வந்தது. ஆறு அவ்வளவு அகலமாக இருக்கும் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். எதைக் கும்பிட்டாள் என்று கேட்டேன். "எல்லாத்தையுந்தான்" என்றாள். கௌகாத்தியில் அந்தப் பெண் மிக்ஸியைத் தலையிலும் எங்கள் ஊர்த் துணிக்கடையின் மஞ்சள் பையைக் கையிலுமாக இறங்கிப் போனாள். கூட்டத்தில் அந்தப் பை கொஞ்ச தூரம் தெரிந்தது.

அடுத்த நாள் அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. நாங்கள் திப்ரூகரில், ஸ்டேஷன் ஓய்வறையில் இருந்தோம். என் விதிப்படி வெளியே டீக்கடை வரை மட்டும் போனோம். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற ஊரில் கிடைத்த டீ மானாமதுரை டீயை விட மோசம். அதைக்கூட ரசிக்க முடியவில்லை. பஸ்ஸில் எல்லாரும், "போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள் என்றார் அப்பா. என்ன சொன்னீர்கள் என்றேன்.

"வண்டி மாறியிருக்குன்னு சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு, "பிள்ள நல்ல பிள்ளதான?" என்றார்.

நல்ல பிள்ளைதான் என்று சொன்னேன். மூன்று நாள் பழக்கம், பொரி, பாதி தமிழ், இவ்வளவுதான் என் ஆதாரம். முடிச்சுக்குள் யார் யார் என்னென்ன வைத்தார்களோ என்று அம்மா கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்து இருக்கும் சுகத்துக்காக இத்தனை பேர் வேண்டுதலையும் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்ற நினைப்பு, திரும்பும் ரயிலில் அவளை நேராக உட்காரவைத்தது. மில்லில் நிற்பது போலவே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி தாமதமாகிவிட்டதால் கௌகாத்தி நல்ல வெளிச்சத்தில் வந்தது. பிளாட்பாரம் வருவதற்கு முன்பே இருவரும் ஜன்னலில் இருந்தோம். கூட்டம், மூட்டை, போலீஸ், டீக்காரர். வண்டி நின்றது. நான் கதவுக்கு ஓடினேன், அம்மா ஜன்னலிலேயே இருந்தாள். எங்கள் பெட்டி பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் போய் நின்றிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வண்டி இழுத்தபோது நான் உள்ளே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து கதவிலேயே நின்றேன்.

அப்போதுதான் அந்த மஞ்சள் பை தெரிந்தது. தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, எங்கள் ஊர்க் கடையின் பெயர் தலைகீழாக ஓடி வந்துகொண்டிருந்தது. கீழே அந்தப் பெண். அவளுக்குப் பின்னால், ஒரு கண்ணாடி ஜாடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவள் அம்மா.

வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. என் அம்மா, கம்பியைத் தூக்கி விடக்கூடிய அவசர ஜன்னல் வழியாகக் கையை முழுசாக வெளியே நீட்டிவிட்டாள். இத்தனை வருஷம் கண்டக்டர் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பை வந்தது. அடுத்து ஜாடி வந்தது. "ஜாடி எர்ணாகுளத்துக்குங்க, என்ற தம்பி வந்து வாங்கிக்குவானுங்க!" என்று அவள் கத்தினாள். கூடவே, "சார்ஜர்!" என்றாள். அம்மா சீட்டுக்குப் பக்கத்திலிருந்ததைப் பிடுங்கி வீசினாள். அந்தப் பெண் பிடித்துவிட்டாள்.

அது அவளுடைய சார்ஜர். இறங்கும்போது எங்கள் பிளக்கில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். என்னுடையது பைக்கு அடியில் கிடந்தது. எங்கள் நம்பர் செத்துப்போன அவள் போனுக்குள் இருந்தது. நான் அவளுக்குப் போன் போட்டுப் போட்டுத் தவித்த நாள்களெல்லாம் அவள் சார்ஜரில்தான் என் போனுக்கு உயிர் ஏற்றிக்கொண்டிருந்தேன். மின்னியல் படித்தவள். பட்டியலில் 'சார்ஜர்' என்று எழுதி வைத்திருந்தேனே தவிர, யாருடையது என்று எழுதவில்லை.

பையில் குங்குமமும் சிவப்புத் துணித் துண்டுகளும் இருந்தன. ஜாடியில் மூங்கில் குருத்து ஊறுகாய். எர்ணாகுளம் வரை அந்த ஜாடியை அம்மா மடியிலேயே வைத்திருந்தாள். வழியில் இரண்டு பேர் அது என்ன என்று கேட்டு, சேலத்தில் வந்து நிற்கிற ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார்கள். சும்மா போக ஆசைப்பட்டு நான் ஏறிய ரயில், திரும்பி வருவதற்குள் வீரசோழன் பஸ்ஸாகிவிட்டது.

அப்பா ஒரு வாரத்துக்கு டிக்கெட்டோடு குங்குமமும் கொடுத்தார். ஒரு கண்டக்டர் கையால் பிரசாதம் வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. பாய்க்குத் தைலக் குப்பி காலியாகத் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் போக அப்பாவின் வண்டியில் ஏறியபோது, ஜன்னலோர சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்கு மில் விடுமுறை. நல்ல சேலை, தலையில் பூ. கையில் பையில்லை. அப்பா வழக்கம்போல எங்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு கையை நீட்டி, "எங்க?" என்றார்.

"வீரசோழன். போக வர" என்றாள்.

அவர் கை அப்படியே நின்றது. பின்னால் நின்றிருந்த திருச்சுழிக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "வீரசோழன்ல என்ன விசேசம் மதினி?" என்றாள். பஸ்ஸில் பாதி பேர் திரும்பினார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா டிக்கெட்டைக் கிழித்தார்.

"ஒண்ணுமில்ல, சும்மா போறாக" என்றார். "நீங்க உள்ள தள்ளி நில்லுங்க."